இரவு 7.40க்கு வரும் லேக்: வெள்ளவத்தை வீடொன்றில் ஒரு ரவுட்டர் ஆய்வு

முறைப்பாடு

“மாமா, ஏழரை தாண்டினாப் பிறகு விளையாடவே ஏலாது. நான் பாஸ் பண்றன், பந்து அங்கேயே நிக்குது. பிறகு ஒரேயடியாப் பாஞ்சு போய் மற்றவன்ர காலில நிக்குது.”

அக்காவின் மகன் போனில் சொன்னதைச் சொல் மாறாமல் கொப்பியில் எழுதிக்கொண்டேன். நெட்வேர்க் வேலையில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். முறைப்பாட்டைச் சொல்பவரின் வாயிலிருந்து வந்தபடியே குறித்துவைப்பது நான் விடாத பழக்கம். “இன்டர்நெட் ஸ்லோ” என்று யாராவது சொன்னால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. மருமகன் சொன்னதில் இரண்டு தடயங்கள் இருந்தன. நேரம் ஒன்று. படம் மங்கவில்லை, உடையவில்லை, நடப்பது மட்டும் பிந்திப் பிந்தி வந்து சேருகிறது (இதைத்தான் லேக் என்பார்கள்) என்பது மற்றது. வேகம் குறைந்த இணைப்பின் குணம் அப்படி இருக்காது. எங்கோ ஒரு வரிசையில் பாக்கெட்டுகள், அதாவது இணையத்தில் போய்வரும் சிறு சிறு தரவுத் துண்டுகள், காத்து நிற்கின்றன.

வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடி. ஃபைபர் இணைப்பு. சேவை வழங்குநர் தந்த ரவுட்டர் முன் ஹோலில், கதவுக்கு மேலே. கொன்சோல் கடைசி அறையில், இரண்டு கொங்கிரீட் சுவர் தாண்டி. 2013இல் வெளிவந்த முதல் மொடல் பிளேஸ்டேஷன் 4, கைமாறி வந்தது. வீட்டில் ஐந்து பேர்: அக்கா வீட்டிலிருந்தே கணக்கியல் வேலை செய்கிறார், அத்தான் கட்டட வேலைத்தளங்களில் மேற்பார்வை, மருமகன், அவனுடைய தங்கச்சி, அம்மம்மா.

இணைப்பின் வேகம் 50 மெகாபிட் என்று பில்லில் இருந்தது. அதை 100 ஆக்க அத்தான் ஆயத்தமாக இருந்தார். “மாசம் கொஞ்சம் கூடத்தானே, பெடியன் சந்தோசமா இருக்கட்டும்” என்றார். ஒரு கிழமை பொறுங்கோ என்று கேட்டுக்கொண்டேன். கொன்சோல் விளையாட்டு ஒன்று ஓடும்போது ஒரு மெகாபிட்டைத் தொடுவதே அரிது. புதுப் பதிப்பு டவுன்லோட் ஆகும்போது வேகம் உதவும், விளையாடும்போது உதவாது. 50ஐ 100 ஆக்கியிருந்தால் பணம் போயிருக்கும், 7.40 அப்படியே இருந்திருக்கும்.

அவன் ஏற்கெனவே செய்தவை

என்னிடம் வருமுன் மருமகன் சும்மா இருக்கவில்லை. வீடியோக்களைப் பார்த்து டிஎன்எஸ்ஸை 8.8.8.8 ஆக்கியிருந்தான். எம்டியூவை 1473 ஆக்கியிருந்தான். ரவுட்டரைத் தினமும் அணைத்து அணைத்துப் போட்டிருந்தான். பத்து அன்டெனா உள்ள “கேமிங் ரவுட்டர்” ஒன்றின் படத்தையும் எனக்கு அனுப்பியிருந்தான்.

இவற்றில் முதல் இரண்டையும் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் நம்முடைய பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். டிஎன்எஸ் என்பது பெயரைக் கொடுத்து ஐபி முகவரியைக் கேட்டு வாங்கும் வேலை. முகவரி கிடைத்து ஆட்டம் தொடங்கியபின் அதற்கு அங்கே வேலையில்லை, ஆகவே ஆட்டத்தின் பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்பிவர எடுக்கும் நேரம்) அதனால் குறையாது. எம்டியூ என்பது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற உச்ச வரம்பு. விளையாட்டு அனுப்பும் பாக்கெட்டுகள் பெரும்பாலும் சில நூறு பைட்டுக்குள் அடங்குபவை. வரம்பு 1500 ஆனாலும் 1473 ஆனாலும் அவை அதைத் தொடப்போவதில்லை. இரண்டையும் பழைய நிலைக்கே திருப்பிவிட்டுத்தான் அளக்கத் தொடங்கினேன்.

அளந்த விதம்

ஸ்பீட் டெஸ்ட் ஓட்டினால் 48 டவுன்லோட், 9.6 அப்லோட், பிங் நன்றாக இருக்கும். வீட்டில் யாரும் எதுவும் செய்யாத காலை பத்து மணிக்கு ஓட்டினால் யார் வீட்டிலும் அப்படித்தான் வரும். எனக்கு வேண்டியது மாலை ஏழிலிருந்து பத்துவரை என்ன நடக்கிறது என்பது.

கொன்சோல் இருக்கும் மேசையிலேயே என் லப்டொப்பை வைத்து, அது பிடிக்கும் அதே 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் இணைத்து, மூன்று ஜன்னல் திறந்து மூன்று இடத்துக்கு விடாமல் பிங் ஓடவிட்டேன். முதல் ஜன்னல் வீட்டு ரவுட்டருக்கு, 192.168.1.1. இரண்டாவது, ரவுட்டரைத் தாண்டியதும் சேவை வழங்குநரின் பக்கத்தில் வரும் முதல் படிக்கு. மூன்றாவது சிங்கப்பூரில் உள்ள ஒரு சேர்வருக்கு. ஆசியாவுக்கான விளையாட்டுச் சேர்வர்கள் நிறைய அங்கேதான் இருக்கின்றன.

இந்த மூன்று ஜன்னல்களும்தான் ஆய்வின் முதுகெலும்பு. முதல் ஜன்னலில் எண் துள்ளினால் கோளாறு வைஃபையில். முதலாவது அமைதியாக இருந்து இரண்டாவது துள்ளினால், வீட்டிலிருந்து வெளியே போகும் வாசலில். முதல் இரண்டும் அமைதி, மூன்றாவது மட்டும் துள்ளுகிறது என்றால் அந்த முதல் படிக்கு அப்பால் எங்கேயோ, அதற்கு நாம் ரவுட்டரைக் குடைவதில் பயனில்லை. விண்டோஸ் லப்டொப்பும் ஒரு மாலைப் பொழுதும் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை.

முதல் நாள் மாலையே ஒன்றல்ல, இரண்டு கோளாறு தெரிந்தன. ரவுட்டருக்கான பிங், 3 மில்லிசெக்கனில் இருக்கவேண்டியது, மாலை முழுக்க அவ்வப்போது 80, 140, ஒருமுறை 210 என்று துள்ளியது. இது ஒன்று. அதன்மேல், 7.40 அளவில் இரண்டாம் ஜன்னலும் மூன்றாம் ஜன்னலும் சேர்ந்து எழும்பின. சிங்கப்பூருக்கு 52 மில்லிசெக்கனில் இருந்தது 400ஐத் தொட்டு, ஏறக்குறைய இருபது நிமிடம் அங்கேயே நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல இறங்கிவிட்டது.

இரண்டு நோய் ஒன்றாக இருக்கும்போது ஒன்றை முழுதாகக் குணமாக்கிவிட்டு மற்றதைத் தொடவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

வைஃபை, பிறகு எட்டு வயர்

“5 கிகாஹேர்ட்ஸுக்கு மாத்துங்கோ” என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் புத்திமதி. நல்ல புத்திமதிதான், ஆனால் முதல் மொடல் பிளேஸ்டேஷன் 4க்கு அது பொருந்தாது. அதற்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். 2016இல் வந்த ஸ்லிம், ப்ரோ மொடல்களில்தான் 5 சேர்ந்தது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 வைஃபை 6 வரை பேசும். மருமகன் பலநாள் கொன்சோலில் 5 கிகாஹேர்ட்ஸ் பெயரைத் தேடித் தேடி, ரவுட்டர் பழுது என்று நினைத்திருக்கிறான்.

2.4இல் பதின்மூன்று சனல் இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கக்கூடியவை மூன்றுதான்: 1, 6, 11. போனில் ஒரு வைஃபை ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தேன். அந்த அறையிலிருந்து 27 நெட்வேர்க் தெரிந்தன. மேல் வீடு, கீழ் வீடு, எதிர்ப்பக்கக் கட்டடம், ஒழுங்கை முனையிலுள்ள டியூஷன் வகுப்பு. எங்கள் ரவுட்டர் தானாக 6ஐத் தெரிந்து, அகலத்தையும் 40 மெகாஹேர்ட்ஸில் விரித்துக்கொண்டு நின்றது. அகலத்தை 20 ஆகச் சுருக்கி, சனலை 11 ஆக்கினேன். துள்ளல் பாதியாகக் குறைந்தது. எட்டு மணிக்கு அக்கா மைக்ரோவேவில் சாப்பாடு சூடாக்கியபோது மறுபடியும் எகிறியது, அதுவும் 2.45 கிகாஹேர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. வைஃபையில் இதற்குமேல் கெஞ்சுவதில் அர்த்தமில்லை. கேபிள் இழுக்க முடிவெடுத்தேன்.

வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். பதினெட்டு மீட்டர் கேட் 6 நெட்வேர்க் கேபிளை ஹோல் சுவரின் அடிப்பட்டியோடு கொண்டுபோய், அம்மம்மாவின் கால் தடுக்காமல் கதவு நிலையைச் சுற்றி மேலே ஏற்றி, கிளிப் அடித்துக் கடைசி அறைக்குள் இறக்கினோம். முனையில் பிளக் அடிக்கும் வேலையை மருமகனிடம் கொடுத்தேன்.

அவன் அதைச் செய்த விதம் கண்ணில் நிற்கிறது. உறையைச் சீவி, முறுக்கியிருந்த நாலு சோடியையும் பிரித்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் எட்டு வயரையும் சீப்புப்போல நீவி நீவி நேராக்கினான். வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைப்பழுப்பு, பழுப்பு என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு அடுக்கினான். நுனியை ஒரே வெட்டில் சமமாக வெட்டி, பிளக்குக்குள் தள்ளி, கிரிம்பரை இரண்டு கையாலும் அழுத்தினான். செருகியதும் ரவுட்டரில் விளக்கு எரிந்தது. ஆனால் இணைப்பு 1000இல் வரவில்லை, 100இல் வந்தது. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பழுப்பு வயர் அடிவரை போகவில்லை. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு ஊசி போதும், 1000க்கு எட்டும் வேண்டும். விளையாட்டுக்கு 100 தாராளம் என்று சொன்னேன். அவன் கேட்கவில்லை, வெட்டி மறுபடி அடித்தான். இரண்டாம் முறை 1000 வந்தது.

லப்டொப்பையும் அதே கேபிளில் போட்டுப் பார்த்ததில் ரவுட்டருக்கான பிங் மாலை முழுக்க ஒரு மில்லிசெக்கனுக்குள் நேர்கோடாக நின்றது. முதல் கோளாறு அதோடு தீர்ந்தது. இந்தக் கேபிள் இல்லாமல் மற்ற எதைச் செய்திருந்தாலும் அரைகுறையாகத்தான் முடிந்திருக்கும். கொன்சோல் வைத்திருக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதையே: வழி இருந்தால் கேபிள், அதற்குப் பிறகுதான் மற்றக் கதை.

7.40

கேபிள் போட்ட மறுநாள், 7.42க்கு இரண்டாம் ஜன்னல் மறுபடி எழும்பியது. இந்தமுறை வைஃபையின் மேல் பழி போட முடியாது.

வீட்டில் அந்த நேரம் என்ன நடக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். அம்மம்மா நாடகம் பார்க்கிறார். அது டவுன்லோட், அந்த நேரம் டவுன்லோட் பக்கம் பெரிதாக எதுவும் இல்லை. அக்காவின் வேலை ஆறரையோடு முடிகிறது. தங்கச்சி படிக்கிறாள். அத்தான் ஏழரைக்கு வருகிறார். “நான் ஒண்டையும் தொடுறேல்லையே. போனைச் சார்ஜில போட்டிட்டுக் குளிக்கப் போறன்” என்றார்.

அவர் சொன்ன அந்த வரியிலேயே விடை இருந்தது. பகல் முழுக்க வேலைத்தளத்தில் கொங்கிரீட் ஊற்றுவதையும் கம்பி கட்டுவதையும் வீடியோ எடுக்கிறார். அவருடைய போன், வைஃபையும் சார்ஜும் சேர்ந்து கிடைக்கும்போது மட்டும் படங்களைக் கிளவுட்டுக்கு ஏற்றும்படி வைக்கப்பட்டிருந்தது. மொபைல் டேட்டாவை மிச்சம் பிடிக்க அப்படி வைத்தது சரியான யோசனைதான். குளியலறைக் கதவு சாத்தும் நேரத்தில் ஒரு நாளைய வீடியோ முழுவதும் 9.6 மெகாபிட் வாசலில் வந்து முட்டுகிறது.

சோதித்துப் பார்த்தோம். அத்தான் போனைச் சார்ஜில் செருகினார், ஒரு நிமிடத்துக்குள் பிங் 400. வைஃபையை நிறுத்தினார், இரண்டு செக்கனில் 52. திரும்பப் போட்டார், 390. மருமகன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். மூன்று மாதமாக அவன் சேர்வரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

வரிசை எப்படி வீங்குகிறது

இதை அத்தானுக்கு விளக்க 2022ஐத்தான் எடுத்தேன். கொழும்பில் இருந்த யாருக்கும் பெட்ரோல் வரிசையைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பம்ப் ஒரே வேகத்தில்தான் இறைக்கும். முன்னால் ஒருவர் இருபது கேனோடு நின்றால், பின்னால் ஒரு லீற்றர் மட்டும் கேட்டு நிற்கும் முச்சக்கரவண்டிக்காரரும் அந்த இருபது கேனும் நிரம்பும்வரை நிற்கவேண்டும். அவர் கேட்பது கொஞ்சம் என்பதால் அவருக்கு எந்தச் சலுகையும் இல்லை. அத்தானின் வீடியோ அந்தக் கேன்கள். மருமகன் அழுத்தும் ஒவ்வொரு பட்டனும் ஒரு லீற்றர்.

ரவுட்டருக்குள் இந்த வரிசை நிற்கும் இடம் பஃபர் எனும் தற்காலிக நினைவகம். பாக்கெட் எதுவும் தொலைந்துபோகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் தயாரிப்பாளர்கள் அதைப் பெரிதாக வைத்துவிடுகிறார்கள். கணக்கு எளிது. 9.6 மெகாபிட் என்றால் செக்கனுக்கு 1.2 மெகாபைட். எங்கள் பிங் கூடியது ஏறக்குறைய 350 மில்லிசெக்கன். அப்படியானால் வரிசையில் எந்த நேரமும் 420 கிலோபைட் அளவு நின்றுகொண்டிருக்கிறது. செக்கனுக்கு 60 தடவை நிலைமையைப் புதுப்பிக்கும் விளையாட்டில், ஒரு புதுப்பிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16.7 மில்லிசெக்கன். 350 பிந்தினால் மருமகனின் காலசைவு சேர்வருக்குப் போய்ச் சேரும்போது ஆட்டம் இருபது புதுப்பிப்பு முன்னால் போயிருக்கிறது. பந்து பாய்ந்ததாக அவன் சொன்னது இதைத்தான்.

இந்த நோய்க்குப் பஃபர்புளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியியலாளர் தன் சொந்த வீட்டு இணைப்பில் இதைக் கண்டு, 2010 வாக்கில் துருவி ஆராய்ந்து உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தார். மருந்தை 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்டார்கள். கோடல் என்ற அந்த முறை வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதில்லை, வரிசையில் நின்ற பாக்கெட் எவ்வளவு நேரம் காத்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லிசெக்கனைத் தாண்டி, 100 மில்லிசெக்கன் முழுக்க இறங்காமல் இருந்தால், ஒரு பாக்கெட்டைக் கைவிடுகிறது. அதைக் கண்டு அனுப்பும் பக்கம் தானாக வேகத்தைக் குறைக்கிறது. இதோடு ஒவ்வொரு ஓட்டத்துக்கும், அதாவது ஒரே இணைப்பில் தொடர்ந்து போகும் பாக்கெட்டுகளுக்கு, தனி வரிசை கொடுத்து, முறைவைத்து எடுப்பது எஃப்கியூ கோடல். இரண்டும் 2018 ஜனவரியில் ஆர்எஃப்சி எனும் இணையத் தொழில்நுட்ப ஆவணங்களாக வந்தன. அதே வருடம் லினக்ஸ் 4.19 கெர்னலில் சேர்ந்த கேக், இவற்றோடு வேகக் கட்டுப்பாட்டையும் ஒன்றாகக் கட்டித்தருவது. இருபது கேன்காரருக்கு ஒரு வரிசை, ஒரு லீற்றர்காரருக்கு வேறு வரிசை, பம்ப் மாறி மாறி ஊற்றும். முச்சக்கரவண்டிக்காரர் வந்ததும் வாங்கிக்கொண்டு போகலாம், கேன்காரருக்கும் நட்டம் மிகச் சிறிது.

மருந்து போட்ட கதை

மிக மலிவான தீர்வை முதலில் பார்த்தோம்: அத்தானின் போன் விடியற்காலை ஏறும்படி மாற்றினோம். மூன்று நாள் அருமையாக இருந்தது. நாலாம் நாள் அக்கா மாதக் கடைசிக் கோப்புகளை அலுவலகத்துக்கு ஏற்றினார். பழைய 400 திரும்பி வந்தது. வீட்டு மனிதர் ஒவ்வொருவரையும் பிடித்து “இந்த நேரம் ஏற்றாதே” என்று சொல்வது தீர்வல்ல. இணைப்பு எல்லோருக்கும் சொந்தம். வாசலில்தான் ஒழுங்கு வேண்டும்.

சேவை வழங்குநர் தந்த ரவுட்டரில், எந்தத் தரவுக்கு முன்னுரிமை என்று வகுக்கும் கியூஓஎஸ் என்ற பக்கம் இருப்பது தெரிந்தது, ஆனால் நமக்குத் தந்த கணக்கில் அது திறக்காது. வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று தடவை எடுத்தேன். முதல் ஆள் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார். இரண்டாமவர் பெரிய பக்கேஜுக்கு மாறச் சொன்னார். மூன்றாமவர் பொறுமையாகக் கேட்டு, அந்தக் கடவுச்சொல்லைத் தர அனுமதியில்லை, ரவுட்டர் வேலையை நம்முடைய பெட்டியிடம் விட்டுவிடும் பிரிட்ஜ் முறைக்கும் மாற்ற முடியாது என்றார். காசு கொடுத்து வாங்கும் இணைப்பில், தன் வீட்டு வாசலின் வரிசையை ஒழுங்குபடுத்த ஒருவருக்கு வழியில்லாமல் இருப்பது சரியில்லை. அவரிடம் அதை அப்படியே சொன்னேன், அவர் குறித்துக்கொண்டார்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனோம். நான் தேடியது அன்டெனா அல்ல. ஓப்பன் டபிள்யூஆர்டி ஏற்றக்கூடிய, இரண்டு கோர் புரோசசர் உள்ள, பாவித்த ரவுட்டர். ஓப்பன் டபிள்யூஆர்டி ரவுட்டருக்குள் ஓடும் இலவச மென்பொருள், எஸ்கியூஎம் என்ற பொதியை அதில் சேர்த்தால் கேக் கிடைக்கும். வாங்குமுன் மொடல் எண்ணை மட்டுமல்ல, பெட்டியின் அடியில் சிறிதாக அடித்திருக்கும் பதிப்பு எண்ணையும் ஓப்பன் டபிள்யூஆர்டியின் பட்டியலோடு ஒப்பிடவேண்டும். ஒரே மொடலின் இரண்டு பதிப்புக்குள் வேறு வேறு சிப் இருக்கும். கடைக்காரத் தம்பி மூன்று பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார், மூன்றாவது சரிவந்தது.

புது ரவுட்டரைப் பழையதற்குப் பின்னால் வைத்து, வீட்டுச் சாதனம் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினோம். ஒரு போனாவது பழைய வைஃபையில் ஒட்டிக்கொண்டு இருந்தால் அது கட்டுப்பாட்டைத் தாண்டி ஓடும், ஆகவே பழையதன் வைஃபையை முற்றாக அணைத்தோம்.

எஸ்கியூஎம்மில் நிரப்பவேண்டிய முக்கிய எண் இரண்டுதான்: டவுன்லோட் எவ்வளவு, அப்லோட் எவ்வளவு. அளந்ததில் பத்துவீதம் குறைத்துப் போடவேண்டும். பலருக்கு மனம் வராத இடம் இதுதான், ஏன் காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் குறைப்பது என்று கேட்பார்கள். வரிசை உருவாவது எப்போதும் மிகக் குறுகிய இடத்தில். நாம் கொஞ்சம் குறைத்துப் போட்டால் குறுகிய இடம் நம் ரவுட்டருக்குள் வந்துவிடுகிறது, வரிசை நம் கைக்கு வருகிறது. குறைக்காவிட்டால் வரிசை சேவை வழங்குநரின் பெட்டிக்குள் நிற்கும், அங்கே கேக் ஓடவில்லை. அப்லோட்டுக்கு 8600 கிலோபிட், டவுன்லோட்டுக்கு 43000 போட்டேன். வன்பொருள் ஓஃப்லோட் என்ற அமைப்பை அணைத்தேன். அது பாக்கெட்டுகளைக் குறுக்குவழியில் அனுப்பி எஸ்கியூஎம்மைத் தாண்டிவிடும். இந்த ஒன்றை மறந்துவிட்டு, எஸ்கியூஎம் வேலைசெய்யவில்லை என்று கைவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

அன்றிரவு அத்தான் போனைச் செருகினார். 52 இருந்தது 57 ஆனது. அங்கேயே நின்றது. மருமகன் திரையைப் பார்க்கவில்லை, பிங் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை இரவு தோற்றோம். ஒன்பது மணிக்கு அவன் போன் எடுத்தான், “மாமா, திரும்ப வந்திட்டுது.” இந்தமுறை யாரும் அப்லோட் செய்யவில்லை. தங்கச்சி படம் ஒன்றை டவுன்லோட் செய்துகொண்டிருந்தாள். ஸ்பீட் டெஸ்ட் ஓட்டினால் 36தான் வந்தது. ஃபைபரில் ஒரு இழையை முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் பகிர்வது வழக்கம், அதற்கு மேலேயும் நெரிசல் உண்டு. வார இறுதி இரவில் வேகம் இறங்குகிறது. நான் 43 என்று போட்ட எண் காலை அளவை நம்பிப் போட்டது. குழாயே 36 ஆகும்போது 43 என்ற கட்டுப்பாடு இருந்தும் இல்லாததே. பிழை என்னுடையது. நான்கு இரவு அளந்து, மிகக் குறைந்ததை எடுத்து, டவுன்லோட்டை 32000 ஆக்கினேன். 48இல் 16 போய்விட்டதே என்று அக்காவிடம் கேட்டேன், வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

பாவித்த ரவுட்டர் வாங்க வசதியில்லாதவர்கள் தங்கள் ரவுட்டரில் “பேண்ட்வித் கண்ட்ரோல்” என்ற பக்கம் இருக்கிறதா என்று பார்க்கலாம். மொத்த அப்லோட்டுக்கு அளந்ததில் 85 வீதம் என்று ஒரு வரம்பு போட்டால், கேக் அளவுக்கு நுட்பமாக இல்லாவிட்டாலும் நோயின் பெரும்பகுதி இறங்கும். குறிப்பிட்ட போனுக்கு மட்டும் அப்லோட் வரம்பு போடும் வசதி சிலவற்றில் உண்டு, அதுவும் உதவும்.

இடையில் வந்த நேட்

இரண்டு ரவுட்டர் ஒன்றன்பின் ஒன்றாக நின்றதால் கொன்சோல் நேட் (வீட்டுச் சாதனங்கள் ஒரே வெளி முகவரியைப் பகிர ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம்) டைப் 3 என்று காட்டத் தொடங்கியது. ஆட்டம் ஓடும், நண்பர்களோடு குரலில் கதைக்க ஏலாது. பழைய ரவுட்டரில், வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே சாதனத்துக்குத் தள்ளிவிடும் டிஎம்இசட் என்ற இடத்தில் புது ரவுட்டரின் ஐபியைக் கொடுத்து, சாதனங்கள் தாமே வழி திறந்துகொள்ள உதவும் யுபிஎன்பியைப் புதியதில் இயக்கியதும் டைப் 2 ஆனது. டைப் 2 போதும். டைப் 1 என்பது ரவுட்டரே இல்லாமல் நேரே இணைந்த நிலை, அதைத் துரத்தவேண்டாம். நேட் டைப்பைச் சரிசெய்தால் பிங் குறையும் என்பதும் உண்மையல்ல, யாரோடு இணைய முடியும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. கொன்சோலுக்கே டிஎம்இசட் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. இங்கே கொடுத்தது இன்னொரு ரவுட்டருக்கு, அதன் தீச்சுவர் பின்னால் காவல் நிற்கிறது.

வெளி ஐபியைப் பார்த்தபோது 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்டதாக இருந்தது. சேவை வழங்குநர் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிடும் சிஜிநேட் அது. அந்த எல்லைக்குள் இருப்பவர்கள், வெளியிலிருந்து வருவதைக் குறிப்பிட்ட சாதனத்துக்குத் திருப்பும் போர்ட் ஃபோர்வேர்டிங்கில் மணிக்கணக்கைச் செலவழிக்கவேண்டாம், வெளியிலிருந்து அது வேலைசெய்யாது.

இன்னொரு சிறு விசயம், ரவுட்டரோடு சேராதது. தொலைக்காட்சி கேம் மோடில் இல்லை. படத்தை அழகுபடுத்தும் வேலைக்காக அது எடுத்துக்கொள்ளும் நேரம் பிங்கில் தெரியாது, கையில் தெரியும். ரிமோட்டில் ஒரு பட்டன். முதல் நாளே பார்த்திருக்கவேண்டும்.

லண்டன்

ஒரு மாதம் கழித்தும் மருமகனிடம் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. லண்டனில் பெரியப்பாவின் மகன் இருக்கிறான், இருவரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஆடவேண்டும். லண்டன்காரன் விளையாட்டுக்குள் அறை திறந்தால் பிங் 170க்குக் கீழே வருவதில்லை.

கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் போகும். போய்வர 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்ளலாம். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீட்டர், ஆகவே 27க்குக் கீழே எவராலும் முடியாது. கேபிள் வளைந்து போவதும் நடுவிலுள்ள கருவிகளும் சேர்ந்து எங்களுக்கு 52. லண்டன் சுமார் 8,700 கிலோமீட்டர், 87க்குக் கீழே இயற்கையே விடாது. கொழும்பில் கரையேறும் சீ-மீ-வீ 4, மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 ஆகிய கடலடிக் கேபிள்கள் செங்கடல் வழியாகப் பிரான்ஸ் போய், அங்கிருந்து தரைவழி மேலே போகவேண்டும். 170 நியாயமான எண்.

“அப்ப மும்பாய்? அது சிங்கப்பூரை விடக் கிட்டத்தானே?” என்று கேட்டான். நல்ல கேள்வி. நேர்கோட்டில் 1,500 கிலோமீட்டர்தான். பாக்கெட் போகும் வழியைப் படிப்படியாகக் காட்டும் டிரேஸ்ரூட் ஓட்டிப் பார்த்தோம்: எங்கள் இணைப்பிலிருந்து பாக்கெட் முதலில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து மும்பாய்க்குத் திரும்பியது. 112 மில்லிசெக்கன். கிட்ட இருப்பது தூரமாவது வழங்குநர்களுக்கு இடையிலான வழி ஒப்பந்தங்களால், நம் வீட்டு ரவுட்டருக்கு அதில் கை இல்லை. விளையாட்டில் சேர்வரைத் தெரிவுசெய்ய இடமிருந்தால் வரைபடத்தைப் பார்க்காமல் பிங்கைப் பார்த்துத் தெரிவுசெய் என்று சொன்னேன்.

“இதுக்கு ஒண்டும் செய்யேலாதா மாமா?”

“ஏலாதடா.”

இப்போது பந்தாட்டத்தை இங்குள்ள பள்ளிக்கூடப் பெடியன்களோடு சிங்கப்பூர்ச் சேர்வரில் ஆடுகிறான். லண்டன்காரனோடு ஞாயிறு பின்னேரங்களில் இருவரும் சேர்ந்து வீடு கட்டும் விளையாட்டு ஒன்று, அதில் 170 யாருக்கும் உறைப்பதில்லை. பிங் எழுதிய கொப்பி அவனிடமே இருக்கிறது. கடைசியாக நான் போனபோது திறந்து காட்டினான்: திகதி, நேரம், மூன்று ஜன்னலின் எண்கள், கடைசிக் கட்டத்தில் “அப்பா போன் சார்ஜில்” என்ற குறிப்பு. 7.40, 1, 6, 56.